எதிரில் நின்றவள் சொல்லித் தந்தது

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒக்லாந்தில் வசந்தம் தொடங்கிவிட்டது என்று கலண்டர் சொல்லியும் மழை விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை. நகரின் பக்குரங்காப் பகுதியில் ஒரு மைதானத்தின் நடுவே, சேற்றில், நான் மல்லாந்து கிடந்தேன். தலையில் ஹெல்மெட். தோளில் ஆமை ஓடு மாதிரி ஒரு கவசம். எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. என்னைத் தள்ளி விழுத்தியவள் குனிந்து கையை நீட்டினாள். பிடித்து எழுந்தேன். அவள் தன் இடத்துக்குத் திரும்பிப் போனாள். அடுத்த தடவையும் அவள்தான் என்னை விழுத்தினாள்.

எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. இருபது வயதில் அகதியாக இந்த நாட்டுக்கு வந்தேன். இங்கேதான் கலியாணம் முடித்து, பாபடோயிட்டோயில் குடியிருக்கிறேன். கணவர் எலக்ட்ரீஷியன். எனக்கு மங்கரேயில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானத்தில் ஏற்றுகிற சரக்குகளை அடுக்குகிற ஷெட் ஒன்றில் வேலை. முன்னால் சரக்கைத் தூக்கிக்கொண்டு போகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறேன்.

என் உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையே அதைப் பற்றியதுதான். நல்ல உயரம், அதற்கேற்ற அகலம். கோயிலுக்குப் போனாலும் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும், சுகம் விசாரிக்கிற மாதிரி என் எடையைத்தான் விசாரிப்பார்கள். ஒருத்தர் சீரகத் தண்ணீர் குடிக்கச் சொல்லுவார், இன்னொருத்தர் இரவில் சோற்றை விடச் சொல்லுவார். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவேன். குழுவாகப் படம் எடுக்கும்போது யாரும் சொல்லாமலே பின்வரிசைக்குப் போய்விடுவேன். கதிரையில் உட்காரும் முன் அது தாங்குமா என்று ஒரு கையால் அழுத்திப் பார்க்கிற பழக்கம்கூட இருந்தது.

ஒருநாள் ஷெட்டில், பெட்டிகள் ஏற்றிய ஒரு தள்ளுவண்டியின் சில்லு, தரையில் இருந்த இரும்புத் தகட்டில் சிக்கிக்கொண்டது. இரண்டு பேர் இழுத்தும் வரவில்லை. நான் போய்த் தோளைக் கொடுத்து, முழங்காலை மடித்து, கீழிருந்து மேலாக ஒரு தள்ளுத் தள்ளினேன். வண்டி ஓடிவிட்டது. என்னோடு வேலை செய்கிற ஒரு சமோவாத் தீவுக்காரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன செய்வாய் என்று கேட்டாள். சமைப்பேன் என்றேன். ஒரு ஞாயிறு சமைக்காமல் என்னோடு வா என்றாள்.

ரக்பி என்றுதான் நினைத்தேன். இந்த நாட்டில் பெரிய உடம்புக்காரர்களை வேறு எதற்குக் கூப்பிடப் போகிறார்கள். போய்ப் பார்த்தால் அது அமெரிக்கன் ஃபுட்போல். பெண்களுக்கான ஒரு சின்ன கிளப். தாதி, பாடசாலை ஆசிரியை, கட்டட வேலை செய்கிறவள் என்று எல்லா விதமான பெண்களும் இருந்தார்கள்.

இந்த விளையாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. உங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம், அதனால் என் வேலையை மட்டும் சொல்கிறேன். பந்து வைத்திருக்கிற அணியில் ஒருத்தி பின்னால் நிற்பாள். குவாட்டர்பேக் என்பார்கள். அவள்தான் பந்தைத் தூரத்தில் ஓடுகிற தன் ஆட்களுக்கு எறிவாள். ஆள் பார்த்து எறிய அவளுக்கு ஒரு சில விநாடிகள் வேண்டும். அந்த நேரத்தை வாங்கிக் கொடுப்பதற்காக அவளுக்கு முன்னால் பெரிய உடம்புக்காரிகள் ஒரு சுவராக நிற்பார்கள். அந்தச் சுவருக்கு எதிரில் நாங்கள் நிற்போம். ஒவ்வொரு தடவையும் சுவரின் நடுவில் நிற்கிறவள் புல்லில் கிடக்கிற பந்தை எடுத்துப் பின்னால் குவாட்டர்பேக்கிடம் அனுப்புவாள், அது அசையும் முன் நாங்கள் கிளம்பக் கூடாது. சுவரைத் தாண்டி, பந்து கையை விட்டுப் போகும் முன் அவளைப் பிடித்து விழுத்த வேண்டும். விழுத்தினால் அதற்கு ‘சாக்’ என்று பெயர். என் கணவர் இன்றுவரை அதைச் சாக்கு என்றுதான் சொல்கிறார்.

எனக்கு முதலிலேயே ஒன்று நன்றாக வந்தது. பந்து அசைந்தவுடன் கிளம்புவது. குவாட்டர்பேக் உரத்து ஏதோ கத்துவாள், சில நேரம் எங்களை ஏமாற்றுவதற்கென்றே கத்துவாள். சத்தத்தைக் கேட்டுக் கிளம்புகிறவர்கள் ஏமாறுவார்கள், பந்தை மட்டும் பார்க்க வேண்டும் என்று எங்கள் பயிற்சியாளர் ஒவ்வொரு நாளும் சொல்லுவார். மற்றவர்களுக்கு அது கஷ்டமாக இருந்தது. ஷெட்டில் நாள் முழுவதும் விமான இரைச்சலுக்குக் காதை மூடிக்கொண்டு, கண்ணை மட்டும் நம்பி வேலை செய்கிற எனக்கு அது புதிதாகவே இல்லை. பந்து புல்லை விட்டு எழும்பும்போது நானும் எழும்பினேன். முதல் கிழமையே பயிற்சியாளர் தன் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, இன்னொரு தடவை செய்து காட்டச் சொன்னார். இன்னொரு தடவையும் செய்து காட்டினேன். வாழ்க்கையில் முதன்முறையாக என் உடம்பைப் பார்த்து ஒருவர் சந்தோஷப்பட்டார்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "பல்லுக்கு ஏதும் போடுவினமோ?" என்று கேட்டார். போடுவார்கள் என்றேன். "அப்ப சரி" என்றார். அவ்வளவுதான் அவருடைய விசாரணை.

அவருடைய அக்கா, என் மச்சாள், பக்கத்துத் தெருவில் இருக்கிறார். அவர் அவ்வளவு சுலபமாக விடவில்லை. விளையாடும்போது நகை ஒன்றும் போடக் கூடாது என்பது விதி. தோடு, காப்பு எல்லாம் கழற்ற வேண்டும். தாலிக்கொடியும்தான். அதை நான் கழற்றிக் கணவரின் கையில் கொடுத்துவிட்டு விளையாடுகிறேன் என்பது எப்படியோ மச்சாளின் காதுக்குப் போய்விட்டது.

"உந்த வயசிலை உமக்கு உது தேவையே? கொடியையும் கழட்டிப்போட்டு, ஆரோ மனிசியளோடை சேத்துக்கை உருளுறது. ஆக்கள் என்ன கதைப்பினம்?"

கணவர்தான் பதில் சொன்னார். "அக்கா, கொடி என்ரை பொக்கெற்றுக்கைதான் கிடக்கு. அது பத்திரம்."

இப்படித்தான் அந்தப் பருவத்தின் முதல் பெரிய ஆட்டத்தில், நான் தொடக்கத்தில் சொன்ன அந்தச் சேற்றில், போய் விழுந்தேன்.

என் எதிரில் நின்றவள் தொங்காத் தீவுக்காரி. என்னைவிட உயரம், என்னைவிட அகலம். அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். ஆட்டத்துக்கு முன் அவளைப் பார்த்துவிட்டு வந்த என் கணவர், "கவனமப்பா. அங்காலை நிக்கிறது மனிசியோ மதிலோ தெரியேல்லை" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அது உண்மை. பந்து அசைந்த கணத்தில் நான் கிளம்புவேன். நான்தான் முந்துவேன். நேராகப் போய் மோதுவேன். மோதிய இடத்திலேயே நின்றுவிடுவேன். அவளுடைய இரண்டு உள்ளங்கைகளும் என் நெஞ்சுக் கவசத்தில் பதியும். அதன் பிறகு நான் என்ன செய்தாலும் பயனில்லை. சில நேரம் நின்ற இடத்தில் காலை உதைத்துக்கொண்டு நிற்பேன், சில நேரம் அவள் என்னைத் தூக்கி ஒரு பக்கமாக வைப்பாள், சில நேரம் விழுத்துவாள். அவளுடைய குவாட்டர்பேக் அன்று முழுக்க அவசரமில்லாமல் ஆறுதலாக ஆள் தேடி எறிந்தாள். நாங்கள் மோசமாகத் தோற்றோம்.

ஆட்டம் முடிந்ததும் யாரோடும் கதைக்காமல் கார் நிற்கிற இடத்துக்குப் போனேன். கணவர் தாலிக்கொடியை எடுத்துத் தந்தார். போடவும் மனம் வராமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மச்சாள் சொன்னது சரிதானோ என்று யோசித்தேன்.

அப்போது அந்தத் தொங்காக்காரி வந்தாள். பாண் துண்டில் சுற்றிய சொசேஜ் ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டே, நேராக என்னிடம்.

எனக்கு உடனே எரிச்சல் வந்தது. நன்றாக விளையாடினாய், கவலைப்படாதே என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அப்படிப்பட்ட வார்த்தைகளை இந்த நாட்டில் நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அவள் அது எதையும் சொல்லவில்லை.

"இந்த வருடம் உன்னைப் போல வேகமாகக் கிளம்புகிற ஒருத்தியை நான் பார்க்கவில்லை" என்றாள். "ஆனால் அவ்வளவு வேகமாக வந்து, உன் நெஞ்சை என் கையில் தந்துவிடுகிறாய். பிறகு எனக்கு என்ன வேலை? சும்மா பிடித்துக்கொண்டு நிற்கிறேன்."

அவள் மீதி சொசேஜைத் தூக்கி எங்கள் காரின் பொனெட்டில் வைத்தாள். கையைத் தன் காற்சட்டையில் துடைத்தாள். பிறகு அந்தக் கார்ப் பார்க்கிலேயே எனக்கு எதிரில் குனிந்து நின்றாள்.

அவள் காட்டியது இரண்டே விஷயம். முதலாவது, அவளுடைய கைகள் என் மேல் படவே கூடாது. அவை நீண்டு வருகிற கணத்தில் என் கையால் அவற்றைத் தட்டிவிட வேண்டும். முன்னதாகத் தட்டினால் அவள் திரும்ப நீட்டிவிடுவாள். பிந்தினால் பிடித்துவிடுவாள். இரண்டாவது, முழு ஆளோடும் மோதக் கூடாது. "என்னில் பாதியை மட்டும் எடு" என்றாள். தன் உடம்பின் நடுவில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். ஒரு தோளை மட்டும் குறிவைத்து வந்தால், அவளுடைய மற்றப் பாதிப் பலம் வேலைக்கு வராது. தோளைத் தாண்டும்போது என் கையை அவளுடைய அக்குளுக்குக் கீழே கொடுத்து, மேல்நோக்கி வீசிக்கொண்டு போக வேண்டும். அதையும் என் கையைப் பிடித்துச் செய்து காட்டினாள். அவளுடைய உள்ளங்கை தும்புக் கயிறு மாதிரி கரடுமுரடாக இருந்தது. பஸ் ஓட்டுகிறேன் என்று பிறகு சொன்னாள்.

"இதை ஏன் எனக்குச் சொல்லித் தருகிறாய்?" என்று கேட்டேன்.

"அடுத்த முறையும் நீ இப்படியே வந்தால் எனக்கு அலுத்துப்போகும்" என்றாள். சொசேஜை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் கணவர் ரேடியோவைக்கூடப் போடவில்லை. பாலம் தாண்டியதும், "கராஜுக்குள்ளை அந்தப் பழைய மெத்தை கிடக்கு" என்றார்.

அடுத்த சில கிழமைகள் எங்கள் கராஜ்தான் மைதானம். என் கணவர் மெலிந்த மனுஷர். மெத்தையை நிமிர்த்தி அதன் பின்னால் அவர் நின்றால் ஆள் தெரியாது, இரண்டு பக்கமும் கை மட்டும்தான் தெரியும். அந்தக் கைகளுக்கு ஒவ்வொரு துவாயைச் சுற்றி, எலக்ட்ரீஷியன் டேப்பால் ஒட்டிக்கொள்வார். நான் குனிந்து நிற்பேன். அவர் காலால் ஒரு பந்தை உருட்டுவார். பந்து அசைந்ததும் நான் கிளம்ப, அவர் கையை நீட்ட, நான் தட்ட வேண்டும். முதல் கிழமை நான் தட்டியதெல்லாம் காற்றைத்தான். நேராகப் போய் மெத்தையையும் அவரையும் சேர்த்துச் சுவரோடு அப்பினேன். அவர் மெத்தைக்குப் பின்னாலிருந்து, "எனக்கு ஒண்டுமில்லை, நீர் திரும்பப் போய் நில்லும்" என்பார்.

"இஞ்சருங்கோ, நோகுதெண்டால் சொல்லுங்கோ."

"நோகேக்கை சொல்லுறன். நில்லும்."

ஒருநாள் மாலை அது தானாக வந்தது. அவருடைய கை நீண்டது, என் கை அதன் மேல் விழுந்தது, அடுத்த கணம் நான் மெத்தையைத் தாண்டி அவருக்குப் பின்னால் சலவை மெஷினுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் இன்னும் முன்னால் பார்த்துக்கொண்டு என்னைத் தேடினார். நாங்கள் இரண்டு பேரும் கராஜ் தரையில் உட்கார்ந்து நெடுநேரம் சிரித்தோம். திருமணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

பருவத்தின் முடிவில் நாங்கள் அரையிறுதிக்கு வந்தோம். எங்கள் கிளப் அதுவரை அரையிறுதியைத் தாண்டியதில்லை. எதிரணி எது என்று கேட்டபோது சமோவாச் சிநேகிதி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அணியின் பெயரை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த மதில் நிற்கிற அணிதான்.

ஆட்டத்துக்கு முதல்நாள் பயிற்சியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். போன தடவை நான் பட்ட பாட்டை அவரும் பார்த்தவர்தானே. முதல் பாதியிலும் அதே கதை என்றால் அந்த இடத்தில் வேறொருத்தியை விடுவேன் என்று நேர்மையாகச் சொன்னார். ஓம் என்றேன். கோபிக்க என்ன இருக்கிறது.

அன்று மழை இல்லை, நல்ல காற்று, மைதானத்தில் சேறு மட்டும் காயவில்லை. நான் கவசம் போட்டுக்கொண்டு நிற்கும்போது, கணவரோடு இன்னொருவர் நடந்து வருவது தெரிந்தது. மச்சாள். கோயிலுக்கு உடுக்கிற மாதிரிச் சேலை, மேலே ஒரு தடித்த ஜாக்கெட், கையில் குடை. தம்பியின் மனைவி என்னதான் செய்கிறாள் என்று ஒருநாளாவது கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திட்டுவது என்று முடிவு செய்துவிட்டார் போலும். நான் தாலிக்கொடியைக் கழற்றிக் கணவரிடம் நீட்டினேன். மச்சாள் நடுவில் கையை நீட்டி வாங்கினார்.

"இவன்ரை பொக்கெற்றை நம்பேலாது" என்று சொல்லி, கைலேஞ்சியில் சுற்றித் தன் கைப்பையின் உள்பையில் வைத்து ஸிப்பை இழுத்தார்.

ஆட்டம் தொடங்கியது. அவள் எனக்கு எதிரில் குனிந்து நின்றாள். ஹெல்மெட் கம்பிக்குள்ளே கண் மட்டும் தெரிந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்ட மாதிரி ஒரு சின்ன அசைவு. அதற்குமேல் ஒன்றுமில்லை.

முதல் தடவை பந்து அசைந்தது, நான் கிளம்பினேன், அவளுடைய கைகள் வந்தன, தட்டினேன். கை விலகியது. நான் அவளுடைய ஒரு தோளில் இருந்தேன். பாதி ஆள். ஆனால் அவள் இடுப்பைத் திருப்பி என்னை வெளிப்பக்கமாகச் சுற்ற வைத்துவிட்டாள். குவாட்டர்பேக்கை நான் நெருங்கும்போது பந்து போய்விட்டிருந்தது. ஆனால் குவாட்டர்பேக் அவசரப்பட்டு எறிந்தாள், பந்து ஆளில்லாத இடத்தில் விழுந்தது. திரும்பியபோது என் எதிராளி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சிரித்தாளா என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகு அவள் ஒரு துளிகூட விட்டுக்கொடுக்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். தான் சொல்லிக்கொடுத்த ஆள் என்று ஒரு தடவைகூட இளகவில்லை. நான் தட்டுவேன் என்று தெரிந்து கையைப் பிந்தி நீட்டினாள். ஒரு கையை மட்டும் நீட்டி ஏமாற்றினாள். இரண்டு தடவை என்னைப் பழையபடி சேற்றில் போட்டாள். நானும் சும்மா இருக்கவில்லை. இடையிடையே நேராகவே போய் மோதினேன், என்னை எப்போதும் ஒரே பக்கம் எதிர்பார்க்கக் கூடாது என்பதற்காக. பாதி நேர இடைவேளையில் பயிற்சியாளர் என் பக்கம் வந்தார். என்னை மாற்றத்தான் வருகிறார் என்று நினைத்தேன். தண்ணீர்ப் போத்தலைத் தந்துவிட்டு, அதையே செய் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசிக் கட்டத்தில் நாங்கள் சில புள்ளிகள் முன்னால் இருந்தோம். பந்து அவர்களிடம். நேரம் மிகக் கொஞ்சம். எங்கள் எல்லைக்கோடு அவர்களுக்கு ஒரு நல்ல எறி தூரத்தில்தான் இருந்தது. அவர்கள் எறியத்தான் போகிறார்கள் என்று மைதானத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோட்டுக்கு அப்பால் ஒருத்தி பிடித்துவிட்டால் எங்கள் கதை முடிந்தது.

எனக்கு மூச்சு வாங்கியது. அப்போது எதிரில் நின்றவளைப் பார்த்தேன். அவளுக்கும் மூச்சு வாங்கியது. முதல் பாதியில் அவள் பாதம் முழுவதும் நிலத்தில் பதிய, உட்கார்ந்து எழும்புகிற மாதிரி நின்று என்னைத் தாங்கினாள். இப்போது களைப்பில் அவளுடைய குதிக்கால் மெல்ல எழும்புவதைக் கடைசி இரண்டு மூன்று தடவையும் கவனித்திருந்தேன். கையை நீட்டும்போது தலை முழங்காலைத் தாண்டி முன்னே வந்தது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்களுக்கு இது விளங்கும். பாரம் முன்னால் கூடிப்போனால், வண்டி கவிழும் முன்பே பின்பக்கம் லேசாகிவிடும். அவள் அப்படித்தான் நின்றாள். இதை அவள் எனக்குச் சொல்லித் தரவில்லை. அவளுக்கே தெரியாது. இது நானே கண்டது.

அதனால் கடைசிக்கு முந்திய தடவை வேண்டுமென்றே நேராகப் போய், என் முழுப் பலத்தோடும் மோதினேன். அவள் என்னை நிறுத்திவிட்டாள். அவர்கள் எறிந்த பந்து எங்கள் பெண் ஒருத்தியின் விரலில் பட்டு வெளியே போனது. இன்னொரு தடவை எறிய அவர்களுக்கு நேரம் இருந்தது. நான் திரும்ப வந்து அதே இடத்தில், அதே மாதிரிக் குனிந்து நின்றேன். இந்தத் தடவையும் நேராகத்தான் வருவாள் என்று அவள் நினைக்க வேண்டும்.

குவாட்டர்பேக் கத்தினாள். நான் பந்தைப் பார்த்தேன். அவள் திரும்பவும் கத்தினாள். எங்கள் வரிசையில் யாரும் அசையவில்லை. பந்து எழும்பியது.

நான் இரண்டு அடி நேராகப் போனேன். எதிரில் நின்றவள் என்னைத் தாங்குவதற்காக முன்னே சாய்ந்தாள், இரண்டு கைகளும் வந்தன. இரண்டையும் சேர்த்துக் கீழ்நோக்கி அடித்தேன். பிடிக்க ஒன்றும் இல்லாமல் அவளுடைய பாரம் முழுவதும் முன்னே போனது. என் கை அவளுடைய அக்குளுக்குக் கீழே போய் மேலே வந்தது. அவளுடைய தோள் என் முதுகில் உரசியதும் தெரிந்தது, அது விலகியதும் தெரிந்தது. எனக்கு முன்னால் யாருமே இல்லை. குவாட்டர்பேக்கின் முதுகுப்பக்க இலக்கம் மட்டும் தெரிந்தது. அவள் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு கையை ஓங்கியிருந்தாள்.

இடுப்பில் கட்டிப்பிடித்து இரண்டு பேருமாக விழுந்தோம். பந்து அவளுடைய வயிற்றுக்கும் என் கைக்கும் நடுவில் கிடந்தது. விசில் கேட்டது. பிறகு யாரோ என் மேல் விழுந்தார்கள், அவர்கள் மேல் இன்னும் யாரோ. சமோவாச் சிநேகிதியின் குரல் என் காதுக்குள் கேட்டது, என்ன சொன்னாள் என்று விளங்கவில்லை. நேரம் முடிந்துவிட்டது. நாங்கள் வென்றுவிட்டோம்.

எழுந்து பார்த்தால் கோட்டுக்கு வெளியே என் கணவர் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், வீடு தீப்பிடித்த மாதிரி. பக்கத்தில் மச்சாள் யாரோ ஒரு வெள்ளைக்கார மனுஷியின் தோளைப் பிடித்து உலுக்கி, என்னைக் காட்டி, தன் அரைகுறை ஆங்கிலத்தில் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். "மை பிரதர் வைஃப்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னது எனக்கு அங்கேயே கேட்டது. அந்த மனுஷிக்கு அது ஒரு தடவையிலேயே விளங்கியிருக்கும்.

கை குலுக்கும் வரிசையில் அவள் கடைசியாக வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தாள். முகம் முழுக்க வேர்வை. தோற்ற கவலை அதில் அப்படியே இருந்தது, அதை மறைக்க அவள் முயலவில்லை. என் கையைப் பிடித்தவள் விடவில்லை.

"கடைசியில் என்ன செய்தாய்? அது நான் சொல்லித் தந்தது இல்லை" என்றாள்.

அந்த ஒரு கணம் எனக்குத் தயக்கமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், சொல்ல மனம் வரவில்லை. அடுத்த வருடமும் அவள் என் எதிரில் நிற்பாள். நான் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று. அதைக் கொடுத்துவிட்டால் என்னிடம் என்ன இருக்கும் என்று ஒரு எண்ணம் வந்தது. ஆனால் அவள் கார்ப் பார்க்கில் எனக்கு எதிரில் குனிந்து நின்றபோது, அவளுக்கும் அந்தக் கணக்குத் தெரிந்துதானே இருந்தது.

"களைத்தால் நீ முன்னுக்குச் சாய்கிறாய்" என்றேன். "குதிக்கால் எழும்புகிறது. கையை நீட்டும் முன்பே தலை வந்துவிடுகிறது."

அவள் கண்ணைச் சுருக்கி யோசித்தாள். நின்ற இடத்திலேயே குனிந்து, கையை நீட்டி, தன் காலைத் தானே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு பெரிய அணைப்பு. விலா எலும்பு முறிகிற மாதிரி.

மச்சாள் கைலேஞ்சியைப் பிரித்துத் தாலிக்கொடியை எடுத்து, தம்பியின் கையில் கொடுத்தார். கட்டிவிடு என்று கண்ணால் காட்டினார். சேறும் வேர்வையுமாக நான் நிற்க, கார்ப் பார்க்கில் கணவர் என் கழுத்தில் அதைப் போட்டுவிட்டார். மச்சாள் என் தோளில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டபடி, "நல்ல பலம்தான் உமக்கு" என்றார். வழக்கமாகச் சொல்வது போல எடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகும் சொன்னதில்லை.

இறுதி ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். அதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த பருவத்தில் திரும்பவும் அந்தத் தொங்காக்காரிக்கு எதிரில் நின்றேன். அவள் சாயவில்லை. கடைசி நிமிடம் வரை அவளுடைய குதிக்கால் நிலத்தை விட்டு எழும்பவே இல்லை. அன்று எனக்கு ஒரு சாக்கும் கிடைக்கவில்லை. சேற்றில் மல்லாந்து கிடந்து அவள் நீட்டிய கையைப் பிடித்தபோது, தோற்றுக்கொண்டிருக்கும்போதே ஒருத்திக்குப் பெருமையாக இருக்க முடியும் என்று எனக்குத் தெரிந்தது. அவளை அவ்வளவு நன்றாக நிற்க வைத்ததில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு உதவி செய்தவர்கள் நிறையப் பேர். போர்வை தந்தார்கள், ஆங்கிலம் சொல்லித் தந்தார்கள், வேலைக்கு விண்ணப்பிக்க உதவினார்கள். எல்லோரும் நல்லவர்கள். யாரையும் நான் மறக்கவில்லை. ஆனால் அந்த உதவிகள் எல்லாவற்றிலும் பாவம் என்ற ஒரு சொல் எங்கேயோ ஒளிந்திருந்தது. நான் பலசாலியாக வந்தால் தனக்குத்தான் நட்டம் என்று நன்றாகத் தெரிந்தும், நான் பலசாலியாக வர வேண்டும் என்று விரும்பி உதவியவள் அவள் ஒருத்திதான். இப்போது குழுப் படம் எடுக்கும்போது நான் முன்வரிசையில் நிற்கிறேன், கதிரையை அழுத்திப் பார்க்காமல் உட்காருகிறேன். என் உடம்பைப் பற்றி யார் என்ன சொன்னாலும், அதற்கு எதிரில் நிற்க ஒருத்தி முழுப் பலத்தோடும் ஆயத்தப்பட்டுக்கொண்டு வருகிறாள் என்ற நினைப்பைவிடப் பெரிய மரியாதை எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.